தங்கையின் முகத்துக்கு உள்ள தூரம்

முதல் நாள் எடுத்ததைத் திரையில் போட்டுப் பார்த்தபோது தங்கையின் முகம் மங்கியிருந்தது. அவளுக்குப் பின்னால், நீண்ட கூடத்தின் கோடியில், காரை பெயர்ந்த சுவர் மட்டும் பொட்டுப் பொட்டாகத் தெளிவாகத் தெரிந்தது.

எல்லாரும் அக்காவைப் பார்த்தார்கள். நடிப்பவருக்கும் லென்சுக்கும் உள்ள தூரத்தை டேப்பால் அளந்து, முகம் தெளிவாக விழும்படி வளையத்தைத் திருப்புவது அவள் வேலை. தங்கைக்குக் கதாநாயகி வேடம் கிடைத்ததும் அக்கா கெஞ்சிக் கேட்டதால்தான். அகலத்திரைப் படத்துக்கென்று எங்கிருந்தோ வாடகைக்கு வந்த பழைய லென்ஸ் அது. கேமராமேன் அதைக் கழற்றி, துடைத்து, சோதித்துவிட்டு, குறையொன்றும் இல்லையென்று கையை விரித்தார்.

மறுநாள் தங்கையின் மூக்கு நுனியில் டேப்பை வைத்து, மறுபடியும் சரிபார்த்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு திருப்பினாள். திரையில் தங்கையும் மங்கல், சுவரும் மங்கல். நடுவே ஆளில்லாத தரை மட்டும் தெளிவு. அதற்கடுத்த நாள் அந்தத் தெளிவு தங்கையை நோக்கி இன்னும் முன்னால் வந்திருந்தது; வெயிலில் மிதந்த தூசி அங்கே யாரோ நடந்து வந்ததுபோல இரண்டாகப் பிரிந்திருந்தது.

படப்பிடிப்பை நிறுத்தச் சொன்னாள் அக்கா. கண் சரியில்லையென்றால் வேறு ஆளைப் போட்டுக்கொள்வதாக இயக்குநர் சொன்னார். உடம்பு சரியில்லையென்று கிளம்பிவிடும்படி தங்கையிடம் மன்றாடினாள்.

"உன் பயத்துக்கு நான் வீட்ல போய் உக்காரணுமா?" என்றாள் தங்கை. பிறகு குரலைத் தாழ்த்தி, "ஒண்ணு மட்டும் சொல்லுக்கா. நீ அளக்கறப்போ எனக்குப் பின்னால யார நிக்கவைக்கிற? கழுத்துல மூச்சு படுது."

அக்கா அவளுக்குப் பின்னால் எட்டிப் பார்த்தாள். அதற்குள் தங்கை விளக்கொளியில் போய் நின்றுவிட்டாள். கேமரா ஓடியது. பாதியில் அவள் தோள் ஒருமுறை குலுங்கியது. அவ்வளவுதான்.

அன்று எடுத்ததைத் திரையில் பார்க்கத் தங்கையும் வந்து அக்காவுக்குப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தாள். விளக்கு அணைந்தது.

திரை முழுக்கத் தங்கையின் முகம். இமை மயிர்கூட எண்ணலாம்.

"இப்பத்தான் சரியா வந்திருக்கு" என்றார் இயக்குநர்.

ஒலி சேர்க்காத படம். அதில் தங்கையின் வாய் அசைந்தது. படம்பிடித்தபோது அவள் வாயே திறக்கவில்லை. அக்கா உதடுகளைப் படித்தாள்.

அக்கா. அக்கா. அக்கா.

மெல்லப் பக்கத்து நாற்காலியின் பக்கம் திரும்பினாள். கைப்பிடியில் இருந்த விரல்கள் தெளிவு. நகங்கள் தெளிவு. சட்டைப் பொத்தான்கள் தெளிவு.

கழுத்துக்கு மேலே மங்கல்.

கண்ணைக் கசக்கினாள். மங்கல்தான்.

அது அவள் பக்கம் திரும்பியது.