இடது சக்கரத்தின் சத்தம்

"பழைய ஜொயின்ட்டத்தான் மாட்டினீங்கன்னு நான் சொல்லல தம்பி. சத்தம் சொல்லுது."

"புதுசுதான் போட்டேன் டொக்டர். பெட்டியோட காட்டினேனே."

"பெட்டி புதுசு. உள்ள இருந்தது?"

கராஜ்காரன் நிலாம் குனிந்து சக்கரத்தைப் பார்த்தான். அவன் காதுமடல் சிவப்பதை, பின்னால் நின்ற அவன் மனைவி கைருன்னிஸா பார்த்தாள்.

2018 ஜனவரி, சனிக்கிழமை காலை. மாவனல்லைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டம்; அதன் டிஸ்பென்சரி வாசல். தேவதாசன் அங்கே மருத்துவ உதவியாளர். தோட்டமே அவரை டொக்டர் என்றுதான் கூப்பிடும். வலது காலைச் சற்று இழுத்து நடப்பார். தொழிலாளர் லயத்தில் பிறந்த ஒருவர் அந்தத் தோட்டத்தில் சொந்தமாக வாங்கிய முதல் கார் அவருடையது. அதுவும் பெற்றோல் கேட்காத, மின்சாரத்தில் ஓடும் சின்னக் கார்.

சத்தம் அதன் முன் இடது சக்கரத்தில். வேறு வண்டியென்றால் என்ஜின் இரைச்சல் அதை மூடிவிடும். இந்தக் கார் வாய் திறக்காததால், சக்கரத்து மூட்டு முனகுவது ஊருக்கே கேட்டது. முதல் தடவை வந்தபோது நிலாம் முன்சக்கரங்களைப் பிடித்திருக்கும் போல் ஜொயின்ட்டுகளையெல்லாம் மாற்றினான். வேலை முடிந்து, டொக்டரின் மனைவி பிலோமினம்மா கொண்டுவந்த தேநீரைக் குடித்தபடி, எது கழன்றால் சக்கரமே போய்விடும், எது கழன்றால் வெறும் சத்தம் மட்டும் வரும் என்று விளக்கியும் சொன்னான். சில நாளில் சத்தம் திரும்பி வந்தது. மறுபடி வந்து எல்லாவற்றையும் இறுக்கினான். மறுபடி வந்தது.

திங்கட்கிழமை காரைக் கொழும்புக்குக் கொண்டுபோய்க் காட்டப்போவதாகத் தேவதாசன் சொன்னார். அங்கே யாராவது 'பழைய சாமான்' என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும்; இப்போதுதான் திறந்த கராஜின் பெயர் கெட்டுவிடும். பெட்டியைப் பிரித்துச் சாமானை எடுத்துக் கொடுத்தவள் கைருன்னிஸா. அது புதியதுதான் என்று அவளுக்குத் தெரியும். பிறகு சத்தம் எங்கிருந்து வருகிறது? அதைக் கண்டுபிடிக்காமல் வீடு திரும்புவதில்லை என்றுதான் இன்று அவளும் வந்திருந்தாள்.

"முதல்ல ஒருக்கா ஓட்டிக் காட்டுங்க டொக்டர்," என்றாள்.

கார் டொக் டொக்கென்று தட்டிக்கொண்டே இறங்கியது. முன்னால் பெண்கள் தலையில் கொழுந்து மூட்டையோடு வரிசையாகப் போய்க்கொண்டிருந்தார்கள். மூட்டை தலையில் இருந்தால் கழுத்தைத் திருப்ப முடியாது. ஒருவரும் திரும்பவில்லை, ஆனால் வரிசை முழுதும் ஓரமாக ஒதுங்கி வழிவிட்டது. கடைசியில் போனவள் கலைச்செல்வி, ஏழு மாதக் கர்ப்பிணி. மெல்ல ஒதுங்கி, வயிற்றில் ஒரு கையை வைத்துக்கொண்டு நின்றாள்.

திரும்பி வந்ததும் நிலாம் ஜாக்கி வைத்துப் படுத்துப் பார்த்தான். போல் ஜொயின்ட்டுகள் கல் மாதிரி இருந்தன. ஸ்டெபிலைசர் லிங்க் என்ற சின்னக் கம்பியின் நட் மட்டும் தளர்ந்திருந்தது.

"தானாக் கழண்டதில்ல இது. கழட்டியிருக்காங்க."

நட்டைச் சுற்றி வெள்ளையாக ஏதோ அப்பியிருந்தது. "கிரீஸ்," என்றான் நிலாம், கவனிக்காமலே. கைருன்னிஸா அதை விரலில் எடுத்தாள். அழுக்கே இல்லாத வெள்ளை. விரல் சூட்டில் உருகி வழிந்தது.

டிஸ்பென்சரி பக்கத்தில் டிரக்டரை நிறுத்துகிறவன் இந்திரகுமார், கலைச்செல்வியின் கணவன். கைருன்னிஸா நேரே அவனிடம் போனாள்.

"உங்ககிட்ட ஸ்பெனர் ஈக்கா?"

"டிரக்டர் ஓட்டுறவன்கிட்ட ஸ்பெனர் இல்லாம சீப்பா இருக்கும்?"

"டொக்டர்ட கார்ல கை வெச்சீங்களா?"

அவன் உள்ளங்கைகளை விரித்தான். ரேகை தெரியாத கறுப்பு. "வெச்சிருந்தா அடையாளம் இருக்குமேங்க." டொக்டரும் அவர் காரும் பக்கத்தில் இருப்பதால்தான் ராத்திரியில் தனக்குத் தூக்கமே வருகிறது என்றும் சொன்னான்.

அதற்குள் நிலாம் நட்டை இறுக்கிவிட்டான். மறுபடி ஓட்டினார்கள். கார் நிழல் மாதிரி போனது. அடுத்த மலையிலிருந்து மூட்டையோடு இறங்கிய பெண்கள் நடு ரோட்டிலேயே பேசிக்கொண்டு போனார்கள். ஒருவரும் ஒதுங்கவில்லை. தேவதாசன் பொறுமையாகப் பின்னால் ஊர்ந்தார்.

"ஹோர்ன் அடிக்கலாமே?"

"பாரத்தோட போறவங்கள ஹோர்ன் அடிச்சு வெரட்டுறது தொரமாருங்க பழக்கம் தங்கச்சி. எங்கம்மா அப்பிடி ஒதுங்கப் போய்த்தான் மூட்டையோட ரோட்டோரக் கானுக்குள்ள விழுந்தாங்க. எனக்குக் கை வராது."

அப்போது கடைசிப் பெண் மூட்டையைச் சரிசெய்யச் சட்டென்று நின்றாள். பிரேக் பிடித்தது. பம்பருக்கும் அவள் சேலைக்கும் நடுவே ஒரு சாண். அவளுக்கு எதுவும் தெரியவில்லை, நடந்துவிட்டாள். கைருன்னிஸா அந்தப் பெண்ணின் முதுகையே பார்த்துக்கொண்டு வந்தாள்.

டொக்டர் வீட்டில் பிலோமினம்மா தேநீர் கொண்டுவந்தாள். குசினி வாசலில், காரை நிறுத்தும் இடத்துக்கு நேரே, கட்டுச் சுவரில் ஒரு போத்தல் வெயிலில் இருந்தது.

"கழட்டினது யாருன்னு தெரியும்," என்றாள் கைருன்னிஸா. "கெட்ட எண்ணம் உள்ளவங்க போல் ஜொயின்ட்டக் கழட்டியிருப்பாங்க. இது, கழண்டாலும் ஆபத்தில்லாத இடமாப் பாத்துக் கழட்டினது. எது ஆபத்து, எது சத்தம்னு இவர் சொன்னப்ப கேட்டது யார்?"

"நான்தான்," என்றார் தேவதாசன்.

"தேத்தண்ணி கொண்டு வந்தது?"

நிலாம் தன் கையிலிருந்த கோப்பையைப் பார்த்தான்.

"அது கிரீஸும் இல்ல. மெக்கானிக் யாரும் நட் இளக தேங்காண்ணெய் போட மாட்டான். இந்தக் குளிருக்கு ஒறஞ்சி போயிருந்திச்சி." அவள் குரல் தணிந்தது. "ஏன்னும் இப்ப ரோட்டுல பாத்திட்டேன் அக்கா."

எல்லோர் கண்ணும் போத்தல் பக்கம் போனது. உள்ளே பாதி இன்னும் வெள்ளையாக இருந்தது.

பிலோமினம்மா தட்டைக் கீழே வைத்தாள். நிலாம் முதல் தடவை பழுது பார்த்தபின் கார் சத்தமில்லாமல் போன வாரம், இதே வாசலில் நின்று பார்த்ததைச் சொன்னாள். கலைச்செல்வி மூட்டையோடு நடுவே நின்றாள். கார் அவள் முதுகை ஒட்டி வந்து நின்றது. அவளும் அறியவில்லை, முழங்காலைத் தடவிக்கொண்டிருந்த தேவதாசனும் எவ்வளவு நெருக்கம் என்று அறியவில்லை. அன்று இருட்டுமுன் காரின் டிக்கியில் கிடந்த ஸ்பெனரைத் தேடி எடுத்தாள்.

"என்கிட்ட ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமே பிலோமி."

"சொன்னா காரையே தொட மாட்டீங்க. அந்தக் காலோட மறுபடி நடந்துதான் பிரசவம் பாக்கப் போவீங்க."

தேவதாசன் எழுந்து வந்து நிலாமின் கையைப் பிடித்துக்கொண்டார். கிரீஸ் ஒட்டும் என்று அவன் இழுத்தும் விடவில்லை. மன்னிப்பை அவர் வாயால் கேட்கவில்லை, கை கேட்டது.

கீழே ரோட்டில் கலைச்செல்வி வெறும் சாக்கை மடித்துத் தோளில் போட்டுக்கொண்டு மறுபடி மலைக்கு ஏறிக்கொண்டிருந்தாள். பிலோமினம்மா அவளையே பார்த்துக்கொண்டு நிலாமிடம் சொன்னாள்:

"தம்பி, அவளுக்குப் புள்ள பொறக்கிற வரைக்குமாவது, அந்த நட்டக் கொஞ்சம் தளர்த்தி விட்டுட்டுப் போங்களேன்."