திரும்பக் கேட்காத மாலை

டக்... டக்... டக்...

அந்தச் சத்தம் நிப்ராஸின் உயிரை எடுத்தது. பஸ்ராவில் விடியற்காலையிலிருந்தே மழை. ஆஸ்பத்திரிப் பக்கம் போகும் வேனில், எதிர் இருக்கையில் ஒருவன் பிரார்த்தனைக்கான கறுப்புத் தஸ்பீஹ் மாலையின் மணிகளை விரலால் தள்ளிக்கொண்டே இருந்தான். அவள் வாப்பாவுக்கு இன்று அறுவைச் சிகிச்சை.

"ரொம்ப அழகான மாலை!" என்றாள், பல்லைக் கடித்தபடி.

அவன் நிமிர்ந்தான். மழைத்துளி தங்கிய இமைகள்... "உங்களுக்கே. எடுத்துக்குங்க."

அந்த ஊரில் ஒருவர் புகழ்ந்த பொருளை அவரிடமே நீட்டுவது மரியாதை. 'உங்க கையிலதான் அதுக்கு அழகு' என்று மறுப்பது அதைவிடப் பெரிய மரியாதை. நல்ல குடும்பத்தில் வளர்ந்தவர்கள் இதில் தவறுவதில்லை.

நிப்ராஸ் அதை வாங்கிக் கைப்பையில் போட்டுப் படாரென்று மூடினாள்!

வேனே திரும்பிப் பார்த்தது. மாலையைக் கொடுத்த மிக்தாத்தின் முகம் வெளுத்தது. இறந்துபோன தந்தையின் விரல்கள் தேய்த்த மாலைதான். இருந்தும், கொடுத்ததைத் திரும்பக் கேட்டவன் அவன் குடும்பத்தில் இல்லை.

"கேட்டு வாங்கிட்டு வந்தா இந்த வாசல்ல ஏறாதே" என்று வீட்டில் அவனுடைய பெரியவாப்பாவும் சொல்லிவிட்டார். சொன்னது சரிதான்.

அதன்பின், ஒரே ஒரு நாள் தவிர, காலையில் அவள் ஏறும் வேனில் எல்லாம் அவன் இருந்தான். கேட்கவுமில்லை, பார்வையை எடுக்கவுமில்லை. அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

கடைசியில் ஓட்டுநர் அபூ ரஹீம் பொறுக்காமல் சொன்னார்: "ஏம்மா, அது அவனோட மவுத்தாப்போன வாப்பா மாலை. அவன் கேக்க மாட்டான். உனக்காவது தெரிய வேணாமா?"

ஆற்றோரம் இருந்த ஆஸ்பத்திரி வாசலில் அவனையும் இறங்க வைத்தாள். மழை இருவரையும் நனைத்தது.

"மனசில்லாம எதுக்கு 'எடுத்துக்குங்க'ன்னீங்க?"

"சொன்ன உடனே எந்த வீட்டுப் பொண்ணு பையில போடுவா? வழிப்பறி மாதிரி!"

"இந்தாங்க, பிடிங்க!"

"மாட்டேன். கொடுத்தது கொடுத்ததுதான்."

"ஆத்துல வீசிடுவேன்!"

"வீசுங்க!"

கையை ஓங்கினாள்... விரல்கள் திறக்கவில்லை.

"முடியல..." மாலையை நெஞ்சோடு சேர்த்துக்கொண்டாள். "வாப்பா உள்ளே இருந்தப்ப இதைப் பிடிச்சுக்கிட்டுத்தான் உக்காந்திருந்தேன். இப்ப இது இல்லாம வீட்டை விட்டுக் கிளம்பவே முடியல."

அவன் கோபம் அப்படியே இறங்கியது. "வாப்பா எப்படியிருக்காங்க?"

"தேறிட்டாங்க."

"அப்ப மாலை சரியான கையிலதான் இருக்கு."

"பின்னே ஏன் தினமும் வந்து முறைக்கிறீங்க?"

"முறைக்கல..." அவன் காது சிவந்தது. "என் கடை ஆத்துக்கு அந்தப் பக்கம். இந்த வேன் போற வழியில எனக்கு ஒரு வேலையும் இல்ல, நிப்ராஸ்."

"என் பேரை யார் சொன்னா?"

"அபூ ரஹீம்கிட்ட கெஞ்சிக் கேட்டேன். அன்னைக்கு ஏதோ வேலையா ஏறினேன். மறுநாள் மாலைக்காக வந்தேன். அப்புறம்... உங்களுக்காக. பெரியவாப்பாவைப் பொண்ணு கேட்டு உங்க வீட்டுக்கு அனுப்பட்டுமா?"

அவள் கண்கள் இன்னும் எரிந்துகொண்டுதான் இருந்தன.

"அது இருக்கட்டும். போன செவ்வாக்கிழமை ஏன் வரல? அன்னைக்குப் பூரா நான் யார் யார் மேலயெல்லாம் எரிஞ்சு விழுந்தேன் தெரியுமா?"