தண்ணீருக்குப் போன சிவப்பு

"துணியெல்லாம் மூட்டை கட்டிட்டியா, இல்ல நான் கட்டித் தரட்டுமா?"

விடிந்தும் விடியாமல் மாமியார் வந்து நின்றாள். மருமகள் மூலையைப் பார்த்தாள். நேற்றே கட்டியாகிவிட்டது. ஒரே ஒரு பை. பதினோரு வருஷம் எப்படி ஒரு பைக்குள் அடங்கியது?

எல்லாம் கணவனின் ஒரு விளையாட்டுப் பேச்சால் வந்தது. அவன் பெயிண்டர். ஒரு மாதமாக அவன் கையிலும் தொடையிலும் நீலம் நீலமாகக் கன்றிக் கிடந்தது. எங்கே இடித்தான் என்று அவனுக்கே தெரியவில்லை. அம்மா கேட்டபோது, "உன் மருமக கரண்டியால சாத்திட்டாம்மா" என்று சிரித்தான். அம்மா சிரிக்கவில்லை. அன்றிலிருந்து ஒவ்வொரு புதுக் கன்றலும் மருமகள் தலையில்தான் விழுந்தது. இப்போது பிறந்த வீட்டுக்கே போகச் சொல்லிவிட்டாள்.

"ஏங்க, சும்மா சொன்னேன்னு அத்தைகிட்ட சொல்லுங்களேன்..."

"சொல்லிட்டேன்டி. பொண்டாட்டிக்குப் பயந்து மாத்திப் பேசறேன்னு நெனைக்குது!"

அவன் வாய் கொப்பளித்துத் துப்பினான். தொட்டி சிவந்தது. தினமும் இப்படித்தான். இரும்புக் கேட்டுக்கு முதல் பூச்சாக அடிக்கிற சிவப்பு பிரைமர் வாய்க்குள் போயிருக்கும் என்று வீடே நினைத்தது. அவளும்தான். ஒரு குவளை தண்ணீர் ஊற்றினாள். சிவப்பு போய்விட்டது.

அவள் கை அப்படியே நின்றது. சட்டையில் பட்ட பிரைமர், டர்பன்டைன் போட்டு நகம் தேயத் தேய்த்தாலும் போகாதே! இது எப்படி வெறும் தண்ணீருக்குப் போகிறது?

"இந்த வாரம் என்ன வேலைங்க?"

"பள்ளிக்கூடம். செவுரு முழுக்க வெள்ளை."

"வாயத் தொறங்க."

"என்னடி, குதிரையா வாங்கப் போற?"

ஈறு வீங்கிப் பாதிப் பல்லை மூடியிருந்தது. ஓரமெல்லாம் ரத்தம் கசிந்தது. கன்னத்தின் உள்ளே ஒரு புண்; மூன்று வாரமாக ஆறவில்லை என்றான். இத்தனை நாள் எதைப் பார்த்துக்கொண்டிருந்தோம்? பயமா, கோபமா, அவளுக்கே விளங்கவில்லை.

பல் டாக்டரிடம் கிளம்பினார்கள். "என் புள்ளைய உன்கூடத் தனியா விட மாட்டேன். பையையும் எடுத்துக்க, அப்படியே பஸ் ஏறிடு" என்று மாமியாரும் வந்தாள்.

டாக்டரம்மா விளக்கைப் பிடித்து வெகுநேரம் பார்த்தார். மேலண்ணத்தில் ஊசி குத்தியதுபோல் சின்னச் சின்னச் சிவப்புப் புள்ளிகள்.

"கெட்ட பல்லப் புடுங்கி விடுங்கம்மா" என்றாள் மாமியார்.

"இப்பத் தொடவே கூடாது. ரத்தம் நிக்காம போயிடலாம்." அவனிடம் திரும்பினார். "காய்ச்சல், அசதி இருக்கா?"

அவன் தலை குனிந்தான். "நாலு படி ஏணி ஏறினா மூச்சு வாங்குது. வீட்ல சொல்லல..."

"கையில என்ன?"

"அது இவ அடிச்சது!" என்று மாமியார் முந்திக்கொண்டாள்.

"அடிச்ச மாதிரி தெரியலம்மா. ரத்தத்துல கோளாறுன்னா தானாவே இப்படிக் கன்றும், ஈறும் வீங்கும். வெறும் ஈறு நோயாவும் இருக்கலாம், ரத்தப் புற்றுநோயாவும் இருக்கலாம். டெஸ்ட் பண்ணாம சொல்ல முடியாது. பெரிய ஆஸ்பத்திரிக்கு இப்பவே போங்க."

மத்தியானம் பெரிய ஆஸ்பத்திரியில் முடிவு வந்தது. ரத்தப் புற்றுநோய்தான். இன்றே சேர வேண்டும்.

"வைத்தியம் இருக்கு. இன்னும் பத்து நாள் விட்டிருந்தா ஆபத்தாயிருக்கும். யார் கண்டுபிடிச்சது?" என்றார் அங்கிருந்த டாக்டர்.

அவன் மனைவியைக் காட்டினான்.

மாமியார் ஒன்றும் புரியாதவள்போல் மகன் கையைத் தடவினாள். மருமகள் முகத்தைப் பார்த்தாள். திடீரென்று அவளைக் கட்டிக்கொண்டு வெடித்து அழுதாள்.

"நீ அடிச்சதாவே இருந்திருக்கக் கூடாதாடி... ஐயோ, நீ அடிச்சதாவே இருந்திருக்கக் கூடாதா!"

மருமகளும் அழுதாள். இந்த ஒரு மாதத்துக்காகவா, இனி வரப்போகும் நாளுக்காகவா, தெரியவில்லை.

மாமியார் முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். மருமகள் தோளிலிருந்த பையைக் கழற்றித் தன் தோளில் மாட்டிக்கொண்டாள்.

"எந்த வார்டுன்னு சொன்னாங்க? நீ அவனப் புடிச்சுக் கூட்டிட்டு வா... நான் முன்னால போயி உனக்கும் எனக்கும் எடம் போடறேன்."