இரண்டு ஒலிபெருக்கி, ஒரே பாட்டு

காஹாங் செம்பனைத் தோட்டத்துக் கோவிலில் திருவிழா. கோவிலில் ஓர் ஒலிபெருக்கி, தோட்ட வாசலில் இன்னொன்று. இரண்டிலும் ஒரே பாட்டுதான். ஆனால் கோவிலருகே நின்றால், வாசல் பாட்டு சற்றுப் பிந்தி வந்து காதைக் குடையும்.

ரூபினிக்கு மட்டும் அது பிடிக்கும். செயற்கைக்கோள் இல்லாத காலத்தில் கப்பலும் விமானமும் இப்படித்தான் வழி கண்டுபிடித்தன என்று படித்திருந்தாள். தூரத்தில் இரண்டு வானொலி நிலையங்கள் இருக்கும். எதன் அலை முந்தி வருகிறது, எவ்வளவு முந்தி என்று கருவி கணக்கிடும். அதை வைத்தே தாங்கள் இருக்கும் இடத்தை அறிவார்கள். அதன் பெயர் லோரான். இதைச் சொல்லிச் சொல்லியே, அவளைக் கண்டால் பாதிப் பேர் ஓடினார்கள்.

அன்று மாலை அவள் தம்பி லக்ஷ்மன், பறந்துபோன பலூனைத் துரத்திச் செம்பனை மரங்களுக்குள் போய்விட்டான். கையில் அம்மாவின் போன் இருந்தது. பாட்டுப் போடும் மோகனதாஸ் மாமாவை அழைத்தான்.

"மாமா, எல்லா மரமும் ஒரே மாதிரி இருக்கு! மேப்பும் வரல லா! பேட்டரி முடியப் போகுது!"

"அலமாக்! பாட்ட நிறுத்துறேன். எல்லாரும் கத்துவோம்," என்று பதறினார் மாமா.

"நிறுத்தாதீங்க மாமா! ஆளுக்கொரு பக்கம் கத்துனா அவன் எங்க வருவான்?" என்றாள் பக்கத்தில் நின்ற ரூபினி.

செம்பனைக்கும் சாலைக்கும் இடையே ஆழமான வாய்க்கால் ஓடியது. பாலம் ஒன்றே ஒன்று. அது கோவிலுக்கும் வாசலுக்கும் சரியாக நடுவில் இருந்தது. இருட்டில் வேறெங்காவது வந்தால் விழுந்துவிடுவான்.

ரூபினி போனைப் பிடுங்கினாள். "பாட்டு ரெண்டு தடவ கேக்குதா?"

"ஆமாக்கா. ஒண்ணு முந்தி வருது."

"முந்தி வர்ற பக்கத்த விட்டு விலகி நட. ரெண்டும் ஒண்ணாக் கேட்டா நீ நடுவுல இருக்க. அப்புறம், ரெண்டு பாட்டும் பிரியாமப் பாத்துக்கிட்டே சத்தம் கூடுற பக்கமா..."

போன் அணைந்துவிட்டது.

ரூபினியும் மாமாவும் விளக்கோடு பாலத்துக்கு ஓடினார்கள். பாட்டு முடிந்தது. ரூபினிக்கு உயிரே போய்விட்டது. நல்லவேளை, அடுத்த பாட்டு தானாகவே தொடங்கியது. அதுவும் பாதி ஓடிவிட்டது. யாரையும் காணோம்.

"சொன்னது அவனுக்குப் புரிஞ்சிருக்குமா?" என்றார் மாமா. ரூபினி விளக்கை இன்னும் உயர்த்திப் பிடித்தாள்.

அப்போது மட்டைகள் சரசரத்தன. முழங்கால்வரை சேறோடு, இரண்டு காதுகளுக்குப் பின்னாலும் கையைக் குவித்தபடி லக்ஷ்மன் வந்தான். நேராகப் பாலத்துக்கே வந்தான்.

ரூபினி அவன் காதைத் திருகினாள். பிறகு அவனைக் கட்டிக்கொண்டு அழுதாள்.

"அக்கா, கப்பல்ல போறவங்களும் வழி தெரியலன்னா அழுவாங்களா?"

"அழுவாங்கடா," என்றாள் ரூபினி, மூக்கைத் துடைத்தபடி. "கரையில இருக்கவங்களும்தான்."