ரோசாக்கல்லில் ஒரு சிவப்புப் பொட்டு

பிணத்தின் சட்டைப்பை வெறுமையாக இருந்தது!

பத்மாசனி முதலில் பார்த்தது அதைத்தான். கணவனின் முகத்தைக்கூட அதற்குப் பிறகுதான் பார்த்தாள்.

1959, ஆவணி மாதம். ஓமந்தைக் காட்டோரம், கல் தோண்டுகிற குழி. குழிக்கரையில் மண் அப்பிய உடம்போடு கிடந்தான் பாலன். பின்தலையில் ஒரு காயம்.

"குழி இடிஞ்சு விழுந்திருக்கு," என்றார் இன்ஸ்பெக்டர் செல்வநாயகம். "பாவம்… நல்ல வேலைக்காரன்."

அங்கே எல்லாரையும் விடச் சத்தமாக அழுதவர் குழியின் சொந்தக்காரர், அப்புத்துரை முதலாளி. முந்தி காட்டு மரம் வெட்டக் கொந்தராத்து எடுத்தவர். அண்மையில்தான் கல் வியாபாரத்துக்கு மாறியிருந்தார். மரத்துக்கும் கல்லுக்கும் அவருக்குத் தெரிந்த ஒரே வித்தியாசம், கல் மிதக்காது.

"ஐயோ பாலன்! நான் நல்லூர்த் தேருக்குப் போன நேரம் பார்த்து இப்பிடிச் செய்துபோட்டியேடா! உன்னைக் கண்டே பத்து நாளாச்சே!"

நாள், இடம் எல்லாம் இவ்வளவு விபரமாகச் சொல்லி அழுத மனிதரை வன்னி அதற்கு முன் கண்டதில்லை.

பத்மாசனி அழவில்லை. இன்ஸ்பெக்டரை ஜீப்புக்குப் பின்னால் கூப்பிட்டாள்.

"ஐயா, அவற்ற பொக்கற்றுக்குள்ளை ஒரு கல் இருந்தது. காலமை வீட்டிலை இருந்து கொண்டு வந்தவர். இப்ப இல்லை."

"என்ன கல்?"

"ரோசாக்கல். எலுமிச்சங்காய் அளவு. உள்ளுக்கை நட்சத்திரம் இருக்கிற கல்."

"கல்லுக்குள்ளை நட்சத்திரமோ?"

"ஓம் ஐயா. ஆறு கால். சும்மா பாத்தால் தெரியாது. வெளிச்சத்தைக் கல்லுக்குப் பின்னாலை விட்டுப் பாக்கோணும். நேற்று அவர் ஒரு பக்கம் கொஞ்சம் உரைச்சு, எண்ணெய் தொட்டு, வெயிலுக்குப் பிடிச்சு அதின்ர நடுவைக் கண்டுபிடிச்சார். அந்த இடத்திலை சிவப்பாய் ஒரு பொட்டும் வைச்சார்."

"எதாலை?"

"என்ர கியூட்டெக்ஸாலை."

இன்ஸ்பெக்டரின் பேனை நின்றது.

"நகத்துக்குப் பூசிறதோ?"

"ஓம். மை எண்டால் தண்ணியிலை போயிடுமாம். புதுப் போத்தில் ஐயா… பழுதாக்கிப்போட்டார் எண்டு ஏசினனான்." அவள் தன் நகங்களைப் பார்த்தாள். "அதுதான் அவரோடை கடைசியாய்க் கதைச்ச கதை."

செல்வநாயகம் எழுதிக் கொண்டார். நம்பி அல்ல. புருசனை இழந்த பெண் சொல்லும்போது எழுதாமல் இருந்தால் நன்றாயிராது என்று எழுதினார். பத்மாசனி ஒப்பம் வைத்தாள்.

'விபத்து' என்று தீர்ப்பானது. பைல் இறாக்கைக்கு ஏறியது. கறையான் வாசிக்கத் தொடங்கியது.

இரண்டு வருடம் போயிற்று.

பாலன் வீட்டில் கல் பிடித்துப் பட்டை போட, அவனுக்குச் சாணைச் சில்லுச் சுற்றிக் கொடுத்தவள் பத்மாசனி. இப்போது சில்லும் அவளே, கல்லும் அவளே! வவுனியாவில் கல் பட்டை போடுகிற ஒரே பெண். ஒரே ஆண் செத்துப் போனதால், ஒரே ஆள்.

அவள் காத்திருந்தாள்.

நட்சத்திரக் கல்லை வெட்டாமல் வைத்திருந்தால் அது வெறும் கல். வெட்டுவதென்றால் நடுவைக் கண்டுபிடிக்கத் தெரிந்த ஆள் வேண்டும். களவெடுத்தவன் எங்கே போவான்?

ஒரு வெள்ளிக்கிழமை காலை… படலை திறந்தது.

"பிள்ளை! இருக்கிறியே?"

அப்புத்துரை!

"வாங்கோ முதலாளி. கதிரையிலை இருங்கோ."

அவர் முடிச்சிட்ட லேஞ்சித் துணியை அவிழ்த்து மேசையில் வைத்தார். இளஞ்சிவப்புக் கல். எலுமிச்சங்காய் அளவு. ஒரு பக்கம் உரைத்த தடம். தடத்தின் நடுவே…

சிவப்புப் பொட்டு!

பத்மாசனி அதை முன்பே கண்டவள் என்பது அவருக்குத் தெரியாது.

"நல்ல கல்," என்றாள். "எங்கை எடுத்தனீங்கள்?"

"என்ர குழியிலைதான். என்ர கையாலை! ரெண்டு வருசமாய் அலுமாரிக்குள்ளை கிடந்தது. கொழும்பிலை ஒரு ஆள் கேக்கிறார், மோதிரத்துக்கு." குரலைத் தாழ்த்தினார். "பிள்ளை, அந்தச் சிவப்பைப் பாத்தியே? உள்ளுக்கை கெம்பு ஒண்டு முளைச்சுக் கொண்டு வருது போல!"

பத்மாசனி சிரிப்பை விழுங்கினாள். அதற்கு இரண்டு வருடக் கோபம் முழுவதும் தேவைப்பட்டது.

"ஓம் முதலாளி. பெரிய கெம்புதான். திங்கக்கிழமை வாங்கோ."

அவர் போனதும் கல்லைக் கையில் எடுத்தாள். பாலன் வைத்த பொட்டு. கொஞ்சம் கோணல். அவன் எதையும் நேராக வைத்ததில்லை, நட்சத்திரத்தின் நடுவைத் தவிர.

இப்போதே பொலிசுக்கு ஓடலாம். ஓடினால்?

'போத்திலும் உன்ரை, கல்லும் உன்ர கையிலை. பொட்டும் நீதானே வைச்சாய்?' என்று அப்புத்துரை கேட்பார். பொலிசும் தலையாட்டும்.

வேண்டாம். அந்தப் பொட்டை அவருடைய வாயே சொல்ல வேண்டும். அவருடைய கையே எழுத வேண்டும்!

கல்லை அறுப்பு வாளால் அறுத்து, பொட்டுள்ள பக்கத்தை மெல்லிய சீவலாகப் பிரித்தெடுத்தாள். சீவல் கியூட்டெக்ஸ் போத்திலுக்குப் பக்கத்தில் போய் இருந்தது. மிச்சக் கல்லில் நல்ல துண்டை அரக்கினால் குச்சியில் ஒட்டினாள். சில்லுச் சுழன்றது… தண்ணீரும் கருந்தூளும் தெறித்தன… மாலைக்குள் நாவற்பழம் போல் உச்சி வளைந்த கல் ஒன்று. அடிப்பக்கம் தட்டை.

அப்புத்துரைக்கு எதில் பயம் என்று வவுனியா முழுவதும் தெரியும். ஏழரைச் சனி! சனிக்கிழமைகளில் காகத்துக்குச் சோறு வைக்காமல் தேத்தண்ணீர் குடியார். சனியின் கல்லான நீலத்தைத் தொட்டால் குடும்பமே அழியும் என்று சாத்திரியார் சொன்ன நாளில் இருந்து, அவர் வீட்டு வேட்டிகளுக்குக்கூட நீலம் போடுவதில்லை. மஞ்சள் வேட்டியோடு திரிகிற முதலாளி வன்னியில் அவர் ஒருவர்தான்.

பத்மாசனி கடையில் வேட்டி நீலம் ஒரு கட்டி வாங்கினாள். அரக்கைக் கரைத்து, நீலத்தைக் குழைத்து, கல்லின் அடியில் பூசினாள். அதன்மேல் சிகரெட் பெட்டி ஈயத்தாள்.

கல்லைத் திருப்பினாள்.

கருநீல வானத்தில் ஆறு கால் நட்சத்திரம் ஒன்று அவளைப் பார்த்தது!

திங்கட்கிழமை.

"எங்கை பிள்ளை, என்ர கல்?"

பொட்டலத்தை அவள் விரித்தாள்.

"ஐயோ!!"

கதிரை ஒரு பக்கம், முதலாளி ஒரு பக்கம்.

"நீலம்! நட்சத்திர நீலம்! எடு… எடு அங்காலை!"

"கையிலை எடுத்துப் பாருங்கோவன் முதலாளி. உங்கடை கல்தான்."

"தொடமாட்டன்! என்ர கல் ரோசா! கெம்பு முளைச்ச ரோசா! மாத்திப் போட்டாய்… என்ர கெம்பைக் களவெடுத்துப்போட்டு எனக்குச் சனியனைத் தாறியோ!"

"நான் களவெடுத்தனான் எண்டால் பொலிசிலை சொல்லுங்கோவன்," என்றாள் பத்மாசனி அமைதியாக. "ஆனால் முதலாளி… அடையாளம் கேப்பினம். ஒண்டும் விடாமல் சொல்லோணும்."

"சொல்லுவன்! நட பொலிசுக்கு!"

அவள் வீட்டைப் பூட்டினாள். குடையை எடுத்தாள். கைப்பையையும் எடுத்தாள். கைப்பை காலையிலேயே ஆயத்தமாக இருந்தது.

பொலிஸ் ஸ்ரேசனில் அதே செல்வநாயகம். வயிறு மட்டும் பதவி உயர்வு பெற்றிருந்தது.

"எழுதுங்கோ ஐயா!" அப்புத்துரை மேசையில் குத்தினார். "என்ர கல்லை இவள் மாத்திப்போட்டாள்."

"உம்முடைய கல் எண்டு எப்பிடித் தெரியும்?"

"ஏன் தெரியாது? ரெண்டு வருசம் வைச்சுப் பாத்த கல்! எலுமிச்சங்காய் அளவு. ரோசா. ஒரு பக்கம் உரைச்ச தடம். தடத்துக்கு நடுவிலை சிவப்பாய் ஒரு பொட்டு!"

இன்ஸ்பெக்டரின் பேனை நின்றது. எங்கேயோ ஒருமுறை இதே இடத்தில் நின்ற பேனை…

பத்மாசனியைப் பார்த்தார். அவள் சுவரைப் பார்த்துக் கொண்டிருந்தாள்.

"ஆரிட்டையும் வாங்கின கல்லோ முதலாளி?"

"நானேன் வாங்கிறன்? என்ர குழியிலை, என்ர கையாலை எடுத்தது! பொட்டும் அண்டைக்கே இருந்தது!"

"நல்லது. ஒப்பம் வையும்."

அப்புத்துரை ஒப்பம் வைத்தார். அடியில் ஒரு கோடும் இழுத்தார், உறுதியாக.

செல்வநாயகம் எழுந்து போய் இறாக்கையில் இருந்து பைல் ஒன்றை எடுத்துத் தூசு தட்டினார். ஓரங்களைக் கறையான் தின்றிருந்தது. நடுப்பக்கம் தப்பியிருந்தது.

"'எலுமிச்சங்காய் அளவு,'" என்று வாசித்தார். "'உரைத்த தடம். நடுவில் சிவப்புப் பொட்டு. பொட்டு வைத்தவர் பாலன், இறப்பதற்கு முதல் நாள். வைத்தது… கியூட்டெக்ஸால்.'"

"கியூ… என்னது?"

"நகத்துக்குப் பூசிறது முதலாளி," என்றாள் பத்மாசனி. "உங்கடை கெம்பு!"

கைப்பை திறந்தது. போத்திலையும் சீவலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தாள். ஒரே சிவப்பு. பிறகு நீலக் கல்லின் ஈயத்தாளை உரித்து, அடியை ஸ்பிரிட் நனைத்த பஞ்சால் துடைத்தாள். நீலம் பஞ்சோடு வந்தது. உள்ளே… ரோசா!

ஜன்னல் வெயிலுக்கு அதைப் பிடித்தாள். நட்சத்திரம் விரிந்தது. அதற்கு மேல் அவளுக்குப் பார்க்க முடியவில்லை, கண் கலங்கிவிட்டது.

"நல்லூர்த் தேரிலை நிண்ட மனிசன்," செல்வநாயகத்தின் குரல் தாழ்ந்தது, "பத்து நாளாய்க் காணாத பாலன்ர பொக்கற்றுக்குள்ளை எப்பிடிக் கையை விட்டனீர்?"

அப்புத்துரை மேசைமேல் குனிந்தார். தான் வைத்த ஒப்பத்தைப் பார்த்தார். அந்தக் கோட்டைப் பார்த்தார்.

"கேட்டனான், தரமாட்டன் எண்டான்…" முணுமுணுத்தார். "குழி தோண்டுற அலவாங்கு கையிலை இருந்தது…"

விலங்கு பூட்டும் சத்தம் கேட்டது.

"காகத்துக்குச் சோறு வைச்சன்," அவர் தேம்பினார். "எள்ளெண்ணெய் எரிச்சன். நீலத்தை நகத்தாலையும் தொடேல்லை. பேந்து எந்தப் பக்கத்தாலை ஏழரை என்னைப் பிடிச்சது?"

பத்மாசனி குடையை விரித்தாள். வாசலில் நின்று திரும்பினாள்.

"இவ்வளவு நாளும் 'பிள்ளை, பிள்ளை' எண்டே கூப்பிட்டியள் முதலாளி. ஒருநாள் எண்டாலும் என்ர பேரை முழுசாய்ச் சொல்லியிருந்தால் விளங்கியிருக்கும்."

"பத்மா…" என்று தொடங்கினார் அப்புத்துரை.

மிச்சம் இரண்டே எழுத்து… சொல்லப் பயந்து வாயைப் பொத்திக் கொண்டார்!