நீட்டிய விரல்

கூடாரத்தில் காலியாகக் கிடந்த இரண்டாவது தூக்கப்பை உள்ளே வெதுவெதுப்பாக இருந்தது. டீச்சர் கையை விட்டுப் பார்த்துவிட்டு வெடுக்கென்று எடுத்தாள். அது தம்பியுடையது. போன வருடம் இதே மலை முகாமில் அவன் செத்துப்போனான். தூக்கிப்போட மனம் வராமல் இந்த முறை பையைச் சுமந்து வந்திருந்தாள். வெயில் பட்டிருக்கும் என்று சமாதானம் சொல்லிக்கொண்டாள். காலையிலிருந்து வெயிலே இல்லை.

மணி ஐந்துதான். பனித்தூள் கூடாரத் துணியில் சரசரவென்று உரசிக்கொண்டே இருக்க, அடுப்பின் மண்ணெண்ணெய் வாடைக்கும் ஈர சாக்ஸ் நாற்றத்துக்கும் அடியில், தம்பி தலைக்குத் தேய்க்கும் எண்ணெயின் வாசனை மெல்ல மேலே வந்தது. அவள் நோட்டைத் திறந்து 'மலை என்னை எப்படி மாற்றியது' என்று எழுதினாள். ஊரில் ஒரு வருடமாக இதைத்தான் அளந்துகொண்டிருந்தாள். பொறுமை வந்தது, பயம் போனது, நான் இப்போது வேறு மனுஷி. கேட்டவர்கள் உருகிப்போனார்கள். ஒன்றை மட்டும் அவள் யாரிடமும் சொல்லவில்லை.

இங்கே தினமும் மாலையில் வழிகாட்டி கூடாரம் கூடாரமாக வருவார். குளிர் புகாமலிருக்க ஜிப்பைக் கொஞ்சமாகத் திறந்து கையை மட்டும் நீட்டினால், விரலில் கிளிப் மாட்டி ஆக்சிஜன் பார்ப்பார். எண் எழுபதுக்குக் கீழே போனால், உடன் வந்தவரையும் சேர்த்து மலையிலிருந்து கீழே அனுப்பிவிடுவார்.

போன வருடம் தம்பி வாந்தியெடுத்துச் சுருண்டு கிடந்தான்.

"முடியலக்கா. கீழ போயிடலாம்."

"சும்மா இருடா. நாளைக்கு உச்சி. இவ்வளவு தூரம் வந்துட்டு..."

வழிகாட்டி வந்தபோது முதலில் தன் வலது கையை நீட்டினாள். பிறகு அவனுக்கென்று தன் இடது கையை நீட்டினாள். பாவி. விடிவதற்குள் அவன் மூச்சு நின்றுவிட்டது.

"டீச்சர், விரல நீட்டுங்க."

இந்த வருடத்து வழிகாட்டி புது ஆள். வலது கையை நீட்டினாள்.

"எண்பத்தாறு. அருமை. அட, ஒரு கை போதும் டீச்சர். எதுக்கு ரெண்டையும் நீட்டுறீங்க?"

குனிந்து பார்த்தாள். இடது கை மடியில் இருந்தது.

"இதென்ன இப்படி ஜில்லிட்டுக் கிடக்கு? எண்ணே வரலையே. இருங்க, வலது கையிலயே திரும்பப் பாக்குறேன்."

பக்கத்தில் மூச்சு. இழுத்து, இழுத்து. திரும்ப முடியவில்லை. எண்ணெய் வாசனை. ஜிப் ஒரு சாண் தூரம்தான். கத்தலாம். ஓடலாம்.

அவளுக்கு அழுகைதான் வந்தது.

"நான்தான்டா உன்னைக் கொன்னேன்," என்றாள். "வா, கீழ போயிடலாம். இப்பவே போயிடலாம்."

ஜிப்புக்கு வெளியே, நீட்டியிருந்த அவள் வலது கை விரல்களுக்கிடையில் குளிர்ந்த விரல்கள் வந்து கோத்துக்கொண்டன.

"எழுபத்தொண்ணு," என்றார் வழிகாட்டி. "டீச்சர்? அறுபது. என்ன இப்படி இறங்குது? ஐம்பத்திரண்டு... டீச்சர், கைய விடுங்க! யாரைப் பிடிச்சிட்டு இருக்கீங்க?"

அவள் இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.