சாப்பாட்டுக்குப் பிறகு

பாஸ்கலின் இடது கைச் சுண்டுவிரல் ஆடிக்கொண்டிருந்தது. பாயில் கண்ணை மூடிக் கிடக்கிற புருஷன் ஜெபமாலை உருட்டுகிறான் என்றுதான் பிலோமினா முதலில் நினைத்தாள். ஜெபமாலையோ சுவரில், ஆணியில் தொங்கியது.

பெரிய வெள்ளி, மத்தியானம். திரேஸ்புரத்தில் ஒரு வள்ளமும் கடலுக்குப் போகவில்லை. தெருவே மாதா கோயிலில் இருந்தது. ஓட்டு இடுக்கில் இறங்கிய வெயிலில் தூசி மிதந்தது, மூலையில் கிடந்த வலையிலிருந்து மீன் கவிச்சி கிளம்பியது, இயேசுவின் பாடுகளை வாசிக்கிற சாமியாரின் குரல் ஒலிபெருக்கியிலிருந்து காற்றில் அறுந்து அறுந்து வந்துகொண்டிருந்தது.

"என்னங்க, விரல் ஏன் ஆடுது?"

"எங்கன?" பாஸ்கல் கண்ணைத் திறந்து விரலைப் பார்த்தான். வேறு யாருடையதையோ பார்ப்பதுபோலப் பார்த்தான். "நான் ஆட்டலையேளா."

பிலோமினா பாய் ஓரத்தில் உட்கார்ந்து அந்த விரலைத் தொட்டுப் பார்த்தாள்.

மார்கழியில் சங்கு குளிக்கப் போனவன், மூச்சு முட்டி மேலே வந்த வேகத்தில் வள்ளத்தின் அடிப்பலகையில் மண்டையை மோதிக்கொண்டான். இரண்டு நாள் நினைவில்லை. ஆஸ்பத்திரியில் ஒரு தடவை வலிப்பும் வந்தது. பிழைத்ததே பெரும்பாடு. அது திரும்ப வராமலிருக்க டாக்டர் கொடுத்த மாத்திரைக் கவரில், மூன்று வேளை, சாப்பாட்டுக்குப் பிறகு என்று எழுதியிருந்தது. அவளும் கண்ணும் கருத்துமாகக் கொடுத்துவந்தாள். அப்புறம் தபசு காலம் பிறந்தது. உயிரைத் திருப்பிக் கொடுத்த மாதாவுக்கு நாற்பது நாளும் ஒருசந்தி இருப்பதாக நேர்ந்துகொண்டான் பாஸ்கல். ஒரு நாளைக்கு ஒரே சாப்பாடு. சாப்பாட்டுக்குப் பிறகுதானே மாத்திரை? அதுவும் ஒன்றாகிவிட்டது. இந்தப் புதன்கிழமையிலிருந்து சாப்பாடே கிடையாது, வெறும் தண்ணீர்தான். மாத்திரையும் இல்லை. யாரிடமாவது கேட்க வேண்டும் என்று இரண்டு பேருக்கும் தோன்றவே இல்லை. கவரில் எழுதியிருந்ததை எழுத்துப் பிசகாமல் செய்தவர்கள், பாவம்.

ஆட்டம் பக்கத்து விரலுக்கு வந்தது. பிறகு மணிக்கட்டுக்கு. பிலோமினா இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்தாள். அது நிற்கவில்லை, அவள் கையையும் சேர்த்து ஆட்டியது.

"கதவச் சாத்துளா," என்றான் பாஸ்கல். "ஆரும் பாத்துரக் கூடாது. வலிப்புக்காரன்னு தெரிஞ்சா சம்மாட்டி தன் வள்ளத்துல ஏத்தமாட்டாரு."

ஓடிப்போய்த் தாழ்ப்பாள் போட்டுவிட்டு வந்தாள். அதற்குள் முழங்கை துடித்துக்கொண்டிருந்தது.

"மேல ஏறுதுளா," என்றான். சின்னப் பிள்ளை மாதிரி அவளைப் பார்த்தான். "பிடிச்சுக்கோ. மேல ஏறுது."

தோள். கழுத்து. தலை ஒரு பக்கமாகத் திரும்பியது. வாயின் இடது ஓரம், கொக்கி போட்டு இழுத்ததுபோல, காதை நோக்கிப் போயிற்று.

"பிலோ..."

பேர் முடியவில்லை. கண்கள் சுவரைப் பார்த்துத் திரும்பி, அங்கேயே நின்றன. ஒரு சத்தம் வந்தது. அது பாஸ்கலின் குரல் இல்லை. நெஞ்சிலிருந்த காற்றை யாரோ மிதித்து வெளியேற்றிய சத்தம்.

உடம்பு மொத்தமும் வெட்டியது. குதிகால் தரையில் இடித்தது. இடித்துக்கொண்டே இருந்தது.

தகர டப்பாவில் மிச்ச மாத்திரைகள் இருந்தன. கொடுக்காமல் விட்டதையெல்லாம் இப்போது கொடுத்துவிட்டால்? கொட்டினாள். எண்ணவில்லை. பற்களை இரண்டு விரலால் நெம்பினாள். உள்ளே தள்ளினாள். செம்புத் தண்ணீரை ஊற்றினாள்.

தண்ணீர் வெளியே வந்தது. மாத்திரை வரவில்லை. தாடை மூடிக்கொண்டது.

அவள் விரல்கள் உள்ளே இருந்தன.

அப்போதுதான் டாக்டர் சொன்னது ஞாபகம் வந்தது. வலிப்பு வந்தா ஒருக்களிச்சுப் படுக்க வைம்மா. வாயில மட்டும் எதையும் திணிச்சிராத.

மாதாவே.

அலறினாள். இழுத்தாள். எலும்பில் பல் இறங்கியது. எவ்வளவு நேரம் என்று அவளுக்குத் தெரியவில்லை. ஒலிபெருக்கி ஓய்ந்தது. தெருவில் காலடிகள் கேட்டன.

"ஏளா பிலோமினா!" பக்கத்து வீட்டு அந்தோணியம்மாள். "கோயில்ல கஞ்சி ஊத்துதாங்க. ஒனக்கும் வாங்கியாந்தேன். கதவத் தொற."

"அக்கா! ஒடைங்க! கதவ ஒடைங்க!"

வெளியே கூச்சல். ஆம்பிளைக் குரல்கள். தோள் கொடுத்து மோதுகிறார்கள். பாஸ்கல் வள்ளத்துப் பலகையில் தன் கையாலேயே அடித்த கதவு அது. அசையவில்லை. தாழ்ப்பாள் நாலு முழம் தள்ளி இருந்தது. புருஷனை இழுத்துக்கொண்டு ஒரு முழம் நகர்ந்தாள். அதற்கு மேல் முடியவில்லை.

குதிகால் சத்தம் நின்றிருந்தது. எப்போது நின்றது?

தாடை விடவில்லை. உதடு நீலம் பாரித்திருந்தது. கடைவாயில் கரைந்த மாத்திரையின் வெள்ளைச் சாந்து, அவள் ரத்தத்தோடு கலந்து, நுரைத்து வழிந்தது. ஒவ்வொரு மூச்சுக்கும் அதில் ஒரு குமிழி எழுந்து உடைந்தது. இன்னொன்று எழுந்தது.

அது உடையாமல் அப்படியே நின்றது.